நாக்கின் இரண்டு வேலைகள்

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு எதிர்ச்சாரியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் பீரைப் பற்றி ஆரம்பித்தார். இடம் பொருந்தவில்லைதான். ஆனால் அவர் பெங்களூர்வாசி. அங்கே 2010-க்குப் பிறகு, தாங்களே பீர் காய்ச்சி ஊற்றும் கடைகள் பெருகிவிட்டன. நாலு பேர் கூடி, ஆளுக்கொரு தினுசு வாங்கி, தம்ளரை மாற்றி மாற்றி ருசி பார்த்துத் தர்க்கம் செய்வார்களாம். ஒன்றில் கசப்பு அடிநாக்கில் நிற்கிறதாம். இன்னொன்று பெல்ஜிய முறைப்படி கோதுமையோடு கொத்துமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்தது. "ரஸமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இப்படி ருசியைப் பேசித் திரிவது தப்பா, சொல்லுங்கள்" என்றார்.

குடிப்பதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதற்கு ராஜாஜி 1937-லேயே சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வைத்துப் பதில் சொல்லிப் பார்த்தார். இது நாக்குக்கு அடிமையாவதைப் பற்றிய கேள்வி.

ரமணர் இலையில் விழுந்ததையெல்லாம் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட்டவர். அதைக் கொண்டு, ருசியே ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே ரமணர்தான் விடியுமுன் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், பக்குவம் சொல்லிக் கொடுத்தார். தமக்கு வேண்டாத ருசியைப் பிறருக்காக இத்தனை கவனித்தார் என்றால், குற்றம் ருசியில் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தம்ளரை மாற்றிக்கொள்கிறார்களே, அதுவரைக்கும் சரி.

"வீட்டில் காப்பி எப்படி?" என்றேன்.

"காப்பியா? காப்பி மாதிரிதான் இருக்கும்."

அந்த அம்மாள் முப்பது வருஷமாகக் கொட்டை வறுத்து, அரைத்து, டிகாக்ஷன் இறக்கித் தருகிறாள். நான் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறேன். துளி சிக்கரி கிடையாது. சொன்னேன். நண்பர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக் காப்பியைப் பற்றி அவர் திருப்பிக் கேட்கவில்லை. நல்லவேளை.