கூலியும் அறிவும்

கூலி கொடுப்பவன், கூலி பெறுவானுடைய அறிவுக்கும் தலைவனாவானோ? இவ்வினா கடற்பயணமொன்றில் எம்மைப் பற்றிக்கொண்டது.

பினாங்கினின்று மலாக்காவிற்கு மோட்டார் படகிற் பல நாள் சென்றபோது, ஒருநாள் கோலசிலாங்கூரை விடுத்துத் தெற்கே கரையோரமாய்ப் போந்தோம். 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பூண்ட பழைய போர்ட் சுவெட்டன்ஹாமை நண்பகலுக்குள் அடைய விரும்பினோம். சுக்கான் பிடித்த மலாய் முதியவரோ கரையைவிட்டு விலகியே செலுத்தினார். "கண்டற்காடு அதோ அருகில் தெரிகிறது, சுற்றுவானேன்? பணம் கொடுப்போர் யாம்!" என்று சினந்தோம். அவர் மறுமொழி கூறாது, திசையும் மாற்றாது சென்றார்.

ஓதம் வற்றியது. அக்கடலில் பெருக்கு நாட்களில் நீர் ஏறத்தாழ 4 மீட்டர் ஏறியிறங்கும். யாம் காட்டிய நேர்வழியிலே சேற்றுத்திட்டு முதுகு காட்டிக் கிடந்தது. ஆழ்கடலினும் கரையே படகிற்குப் பகையென்று அன்று உணர்ந்தோம்.

எம் நாணம் அத்துடன் நிற்கவில்லை. தோட்டத்திலே கிராணியாகிய யாம், "மரம் ஈரமாயிருக்கிறதுங்க ஐயா, இன்று வெட்டினால் பால் பட்டையில் வழியும்" என்ற முதியவரை அதட்டி வெட்டச் செய்ததுண்டு. பால் வழிந்தது. குறைந்தது அவர் கூலி, எம் சம்பளமன்று. படகிலிருந்தவர் எம்மை மறுக்க வல்லவர், தோட்டத்திலிருந்தவர் மறுக்கவியலாதவர். எம் பிழையோ இரண்டிடத்தும் ஒன்றே.

அன்பர்காள்! எங்குச் செல்வதென்று சொல்லும் உரிமை கூலி கொடுப்பவனுக்குண்டு. எவ்வழிச் செல்வதென்று அறிந்தவனே சொல்லற்பாலன். கூலி உழைப்பிற்கு விலையேயன்றி அறிவிற்குப் பூட்டன்று. ஆணையிடுமுன் ஒருகாற் கேட்போமாக.