எந்த நாளின் நிலை?

சீடன்: ஐயா, நீதிமன்றச் செய்திகளில் 'ஸ்டேட்டஸ் கோ' உத்தரவு என்று அடிக்கடி வருகிறது. இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்ல ஒரு நீதிபதி எதற்கு? சும்மா விட்டாலே அப்படித்தானே இருக்கும்?

குரு: சும்மா விட்டால் எதுவும் இருந்தபடி இராது, தம்பி. வழக்கு நடக்கும்போதே ஒருவன் இரவோடிரவாகச் சுவர் எழுப்பிவிடுவான். தீர்ப்பு வரும் நாளில் தீர்க்க எதுவும் மிஞ்சாது. அதைத் தடுக்கத்தான் அந்த உத்தரவு. அந்த இலத்தீன் சொற்றொடரின் முழு வலுவையும் பார்க்க வேண்டுமானால் எருசலேமில் இயேசுவின் திருக்கல்லறைத் தேவாலயத்தைப் பார்க்க வேண்டும்.

சீடன்: அங்கே என்ன வழக்கு?

குரு: கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், எத்தியோப்பியர், சிரியன் என்று ஆறு சபையார் அங்கே வழிபடுகிறார்கள். எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது, யார் எந்த நேரத்தில் பூசை செய்வது, எல்லாவற்றுக்கும் வரையறை உண்டு. பெருக்குவது அங்கே உரிமைக்குச் சாட்சி. கதவின் சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்திடம். பூட்டைத் திறப்பது இன்னொரு முஸ்லிம் குடும்பம். வாசலுக்கு மேல் சன்னலடியில் சாத்திய ஒரு மர ஏணி 18ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே தெரிகிறது. 2002 கோடையில், அந்தத் தேவாலயத்தின் கூரையில், வெயில் தாங்காமல் ஒரு காப்டிக் துறவி தம் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். எத்தியோப்பியத் துறவிகளுக்கு அது எல்லை மீறல். அடிதடியில் 11 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

சீடன்: ஒரு நாற்காலிக்காகவா? துறவிகள்தானே அவர்கள்?

குரு: பயம், தம்பி. இன்று பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தால், நாளை அந்த மௌனத்தையே சான்றாகக் காட்டி இடத்தைக் கேட்பார்கள் என்ற பயம். அவர்களை எளிதாகப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

சீடன்: இந்த ஏற்பாட்டைச் செய்தது யார்?

குரு: உதுமானியச் சுல்தான்கள். 1757இல் வந்த ஆணையால் பல இடங்கள் கிரேக்கர் கைக்குப் போயின. பின்னாளில் பிரான்ஸ், 1740 ஒப்பந்தத்தைக் காட்டி, கத்தோலிக்கருக்குப் பழைய உரிமையைத் திருப்பிக் கேட்டது. கிரேக்கர் பக்கம் ரஷ்யா நின்றது. 1852இல் சுல்தான் அப்துல்மஜீத், இருக்கும் நிலையே தொடரும் என்று ஆணையிட்டார். அடுத்த ஆண்டு மூண்ட கிரிமியப் போருக்கு இந்தப் பிணக்கும் ஒரு காரணம். 1878 பெர்லின் உடன்படிக்கையின் 62ஆம் பிரிவு அந்த நிலையை நாடுகள் ஒப்பிய சட்டமாக்கியது.

சீடன்: அப்படியானால் 1852இல் யார் கையில் இருந்ததோ அவர் ஜெயித்தார். நாளைத் தேர்ந்தெடுத்ததிலேயே தீர்ப்பும் முடிந்துபோயிற்றே!

குரு: அதைத்தான் நீ கேட்க வேண்டும் என்று இருந்தேன். எந்த நாளின் நிலை என்று சொல்லாதவரை அந்த உத்தரவு பலசாலியின் பக்கமே சாயும். நம் உச்ச நீதிமன்றம் 1990இல், பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கிய வழக்கில், நல்ல அளவுகோல் ஒன்றைத் தந்தது. தகராறு எழுமுன் யாரும் மறுக்காதிருந்த கடைசி நிலை எதுவோ, அதைக் காக்க வேண்டும். கைமீறிப் போயிருந்தால் மீட்டுத் தரவும் வேண்டும்.

சீடன்: அதை அந்தக் கூரைக்கே வைத்துப் பார்க்கலாமா?

குரு: பார். 1970இல், காப்டிக் துறவிகள் ஈஸ்டர் வழிபாட்டில் இருந்தபோது, கூரை மடத்தின் வழிக்கதவுகளில் பூட்டுகள் மாற்றப்பட்டுச் சாவி எத்தியோப்பியர் கைக்குப் போனது. 1971இல் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் சாவியைக் காப்டிக்காரருக்குத் திருப்பித் தரச் சொன்னது. அரசு அதை நிறைவேற்றவில்லை. எத்தியோப்பியர் சொல்வது வேறு: 1838 கொள்ளைநோயில் தங்கள் துறவிகள் மாண்டார்கள், பத்திரங்கள் எரிக்கப்பட்டன, அதற்கு முன் இடம் தங்களுடையது என்கிறார்கள்.

சீடன்: அப்போது அளவுகோல் உடைகிறதே, ஐயா. ஒருவருக்குக் கடைசி நல்ல நாள் 1970க்கு முந்தையது, இன்னொருவருக்கு 1838க்கு முந்தையது.

குரு: உடையத்தான் செய்கிறது. பத்திரமும் சாட்சியும் எட்டும் தூரம் வரைதான் அது செல்லும். அதற்கப்பால் உடன்பாடு தவிர வழியில்லை. உடன்பாடு வராது என்றும் சொல்லிவிடாதே. கல்லறை மேலுள்ள சிறு மண்டபம் 1927 நிலநடுக்கத்தில் தளர்ந்து, 1947இல் பிரிட்டிஷார் கட்டிய இரும்புச் சட்டத்தில் கிட்டத்தட்ட 70 ஆண்டு நின்றது. செப்பனிட்டவர் உரிமை கொண்டாடுவார் என்று ஒருவரையொருவர் விடவில்லை. 2015இல் இடம் ஆபத்தானது என்று காவல்துறை சில மணி நேரம் அதை மூடிவிட்டது. யாருமே உள்ளே போக முடியாது என்றான பிறகு மூன்று பெரிய சபையாரும் ஒப்பினார்கள். ஏதென்ஸ் வல்லுநர்கள் வேலை செய்து 2017 மார்ச்சில் முடித்தார்கள். இரும்புச் சட்டம் போயிற்று, எவர் உரிமையும் போகவில்லை.

சீடன்: கூரைச் சாவி உங்கள் கையில் கிடைத்தால்?

குரு: காப்டிக்காரரிடம் தருவேன், வழிபாட்டுக்குப் போனவர் பின்னால் பூட்டு மாற்றப்பட்டதை என்னால் ஒப்ப முடியாது. ஆனால் அங்கே அறைகளில் வாழும் எத்தியோப்பியத் துறவி ஒருவரைக்கூட எழுப்பமாட்டேன். இடம் யாருடையது என்ற கேள்வியை அவர்கள் இருவருமாகப் பேசித் தீர்க்கும்வரை திறந்தே வைத்திருப்பேன்.