காண்பதும் கைக்கொள்வதும்: பறவை ஒளிப்படத்தின் அறம்

ஏரிக்கரையில் நின்று பறவையைப் படம் எடுப்பவர் அதற்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை என்பதே பொதுவான எண்ணம். அவர் வலை விரிப்பதில்லை, கல் எறிவதில்லை, கூண்டில் அடைப்பதுமில்லை. பறவையின் மேல் பட்டுத் தெறித்த ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார் என்பதால், அவருடைய செயல் வேட்டைக்கு நேர் எதிரானதாகவே போற்றப்படுகிறது. ஆனால் இந்தியத் தத்துவ மரபுகள் காட்சியை ஒருபோதும் இவ்வளவு எளிய செயலாகக் கருதியதில்லை. காண்பவர் யார், காணப்படுவது எது, காணும்போது காண்பவரின் உள்ளம் எதைப் பற்றி நிற்கிறது என்னும் மூன்று வினாக்களையும் அவை சேர்த்தே கேட்டன. அவ்வினாக்களைக் கேமராவின் முன் வைக்கும்போது, எதையும் தொடாமல் வெறுமனே பார்த்திருக்கும் சாட்சி நிலை படம் எடுப்பவருக்கு இயலுமா, இயலாதெனில் அவருடைய செயலை அளக்கும் கோல் எது என்னும் சிக்கல் எழுகிறது.

காட்டுயிர் ஒளிப்படத்தின் வரலாறே இந்தச் சிக்கலின் ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. பிரெஞ்சு உடலியலாளர் எத்தியென்-ஜூல் மாரே, பறக்கும் பறவையின் சிறகசைவை ஆராய்வதற்காக 1882இல் உருவாக்கிய கருவி துப்பாக்கி வடிவிலேயே அமைந்திருந்தது. குறிபார்த்து விசையை இழுத்தால் விநாடிக்கு 12 படங்கள் சுழலும் தகட்டில் பதிந்தன. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் பறவைகளை நெருங்குவதற்காக, உள்ளீடற்ற மாட்டுத்தோல் உருவத்துக்குள் கேமராவோடு ஒளிந்து நின்றனர். அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைரஸ் வேட்டைத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இரவில் மான்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். அவருடைய படங்களை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1906இல் வெளியிட்டது. இந்தியக் காடுகளில் வன அதிகாரியாகப் பணியாற்றிய எஃப். டபிள்யூ. சாம்பியன், புலியே இடறி இயக்கும்படி கம்பி கட்டி எடுத்த படங்களை 1927இல் நூலாக்கினார். இவையெல்லாம் உயிர்க்கொலையிலிருந்து விலகிய படிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் வேட்டையிலிருந்து கொலை மட்டுமே கழன்றது; தடம் தேடுதல், ஒளிந்திருத்தல், நெருங்குதல், கைப்பற்றுதல், கைப்பற்றியதைப் பிறருக்குக் காட்டிப் பெருமை கொள்ளுதல் ஆகியவை அப்படியே தங்கிவிட்டன. சூசன் சான்டாக் 1977இல் வெளியிட்ட ஒளிப்படம் பற்றிய நூலில் கேமராவையும் துப்பாக்கியையும் அருகருகே வைத்துப் பேசியதற்கு இந்த வரலாறே சான்றாக நிற்கிறது.

இதற்கு மறுமொழியாகச் சாட்சிக் கோட்பாடு முன்வைக்கப்படலாம். முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் அமர்ந்த இரு பறவைகளைப் பற்றிய புகழ்பெற்ற உருவகம் வருகிறது. ஒன்று பழத்தை உண்கிறது, மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. உண்ணும் பறவை வினைப்பயனை நுகரும் உயிர் என்றும், பார்த்திருக்கும் பறவை எதிலும் ஒட்டாத பரம்பொருள் என்றும் உரையாசிரியர்கள் விளக்குவர். சாங்கியமும் புருடன் எனப்படும் அறிவுப்பொருளைச் செயலற்ற சாட்சியாகவே கொள்கிறது. மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும் ஒளிப்படக் கலைஞர் தம்மை அந்த இரண்டாம் பறவையாக எண்ணிக்கொள்வது இயல்பே. ஆயினும் அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று கேட்டால் இந்த ஒப்புமை நிலைகுலைகிறது. படம் என்பது ஒரு பழம்; அதன்மேல் நாட்டம் உண்டு, அது கிடைக்காதபோது ஏமாற்றம் உண்டு, பிறர் பெற்றதைக் காணும்போது பொறாமையும் உண்டு. உண்ணாமல் பார்த்திருக்கும் பறவைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் சைவ சித்தாந்தம் தரும் விளக்கம் இன்னும் நுட்பமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழியில், கண் தானாக எதையும் காண்பதில்லை. உயிர் கண்ணுக்குப் பொருளைக் காட்டுவதோடு, கண்ணோடு நின்று தானும் காண்கிறது. அவ்வாறே இறைவன் உயிருக்குக் காட்டுவதோடு உடன் நின்று தானும் காண்கிறான். இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று சித்தாந்திகள் வழங்குவர். இதனோடு இணைந்த மற்றொரு கருத்து, உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது; அதாவது உயிர் தனித்து நிற்கும் இயல்புடையதன்று, எதைப் பற்றுகிறதோ அதன் தன்மையை அடைவது. இக்கோட்பாட்டின்படி மனிதருக்கு நடுநிலையான பார்வை என்று ஒன்று இல்லை. ஒரே மீன்கொத்தியை ஒரே லென்ஸ் வழியாக நோக்கும் இருவரில் ஒருவர் பறவையைச் சார்ந்து நிற்கலாம். மற்றவர் அதுவரை எடுத்த பறவையினங்களின் பட்டியலையும், இனி வரப்போகும் பாராட்டையும், அதாவது யான் எனது என்னும் செருக்கையும் சார்ந்து நிற்கலாம். கருவி ஒன்றே, காட்சி இரண்டு.

இவ்வேறுபாடு உள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதன்று, புறத்திலும் விளைவுகளை உண்டாக்குவது என்பதற்கு ஆள்காட்டிப் பறவை தக்க சான்றாகும். சிவப்பு மூக்கு ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெட்டவெளித் தரையில் சிறு குழி பறித்து, சில கூழாங்கற்களைச் சுற்றி வைத்து, பெரும்பாலும் 4 முட்டைகள் இடுகிறது. மண்ணிறத்தில் கரும்புள்ளிகளோடு கிடக்கும் அம்முட்டைகள் அருகில் நின்றாலும் எளிதில் கண்ணுக்குத் தெரியாதவை. கோடை வெயிலில் பறவை அவற்றின்மேல் அமர்வது சூடேற்றுவதற்காக அன்று, நிழல் தருவதற்காக. நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிரச் செய்வதும் உண்டு. ஆள் நெருங்கினால் அது எழுந்து, தலைக்கு மேலே வட்டமிட்டு, இடைவிடாமல் கத்தி, சில வேளை தாழ்ந்து பாய்கிறது. அந்நேரத்தில் விரிந்த சிறகுகளும் திறந்த அலகும் மிக அழகிய படமாகின்றன. படம் எடுப்பவர் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் நேர் வெயிலில் காய்கின்றன. படத்தைக் காண்பவர் அதில் பறத்தலின் எழிலைக் காண்பார். படத்தில் உண்மையாக இருப்பது ஒரு தாயின் பதற்றம்.

இத்தகைய தீங்கை அளப்பதற்குச் சமண அறநூல்கள் நுட்பமான கோல் ஒன்றை வகுத்துள்ளன. உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம், பிரமாதம் எனப்படும் கவனமின்மையாலோ வேட்கையாலோ உந்தப்பட்ட செயலால் உயிருக்கு நேரும் கேட்டையே இம்சை என்று வரையறுக்கிறது. தீங்கு செய்யும் எண்ணம் இல்லாமை மட்டும் இங்கே போதாது. கவனம் தவறியதே குற்றத்தின் வேராகிறது. இதனாலேயே சமணத் துறவியர் நடக்கும்போது முன்னே நான்கு முழத் தரையை நோக்கி அடி வைக்கும் ஈரியா சமிதி என்னும் ஒழுக்கத்தை மேற்கொள்கின்றனர். வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்துக்கொண்டு பின்னோக்கி நகரும் ஒளிப்படக்காரர் இவ்வொழுக்கத்துக்கு நேர் எதிரான நிலையில் இருக்கிறார். தொலைவிலுள்ள ஒன்றைக் கூர்ந்து காண்பதன் பொருட்டுக் காலடியில் உள்ளவற்றைக் காணத் தவறுகிறார். இந்தியாவின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில் நிற்பது கருதத்தக்கது. 1972இல் இயற்றப்பட்ட அச்சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதோடு, முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் இடையூறு செய்வதையும் சேர்த்திருக்கிறது. உயிர் போகவில்லை என்பதால் வேட்டை நிகழவில்லை என்று ஆகிவிடாது என்பது இதன் பொருள்.

ஆயினும் இச்சிக்கலை அறத்தின் வினாவாக மட்டும் கொள்வது பாதி விளக்கமே ஆகும். அது அறிவின் வினாவும் ஆகும். தமிழ்த் தத்துவ நூல்கள் அறிவை அடையும் வழிகளை அளவை என்று வழங்கி, காண்டல், கருதல், உரை என மூன்றாகத் தொகுக்கின்றன. இவற்றுள் காண்டல் என்னும் நேர்க்காட்சி மெய்யறிவாக வேண்டுமெனில் அதில் ஐயமும் திரிபும் இருத்தல் கூடாது. ஐயம் என்பது இதுவோ அதுவோ என்னும் தடுமாற்றம், திரிபு என்பது ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் பிழை. ஒலிப்பெருக்கியில் அதே இனப் பறவையின் குரலை இசைத்து வரவழைக்கப்பட்ட பறவை, எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணிச் சீறுகிறது. இரை வைத்து அழைக்கப்பட்ட ஆந்தை கேமராவின் திசையில் பாய்கிறது. இப்படங்கள் பறவையின் இயல்பைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, அதன் அச்சத்தையும் ஏமாற்றத்தையும் காட்டுகின்றன. படத்தின் கூர்மையும் வண்ணமும் எவ்வளவு துல்லியமாக இருப்பினும், அது திரிபுக்காட்சியே. ஆகவே ஊறு செய்யாமை என்பது ஒளிப்படக் கலைக்கு வெளியிலிருந்து சுமத்தப்படும் ஒழுக்க விதியன்று. படம் உண்மையாவதற்கே அது முதல் நிபந்தனையாகும்.

திரிபுக்கு மற்றொரு வாயிலும் உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் தோன்றி வாழும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், மாந்தரின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தது. இவ்வகைப்பாட்டில் பறவை தனிப்பொருளன்று. நெய்தலின் பறவை உப்பங்கழியோடும், மருதத்தின் பறவை வயலோடும் சேர்ந்தே பொருள் தருகிறது. 600 மில்லிமீட்டர் லென்ஸ் பின்புலம் முழுவதையும் மங்கிய நிறத் திரையாக்கி, நாரையை அதன் நிலத்திலிருந்தும் பொழுதிலிருந்தும் பெயர்த்தெடுத்து நிறுத்துகிறது. ஒன்றைச் சுட்டி அறியும்போது மற்றவற்றை அறியாது விடுவதைச் சித்தாந்தம் சுட்டறிவு என்று குறித்து, அதை உயிரின் குறைபாடாகக் கொண்டது. படத்தின் சட்டகம் அக்குறைபாட்டுக்கே கட்டிய வரம்பு. இறகின் நுண்வரிகளை ஆராய்வோர்க்கு அத்தகைய படம் தேவையே. ஆனால் நாரையோடு சேற்றையும் கோரையையும், அப்பால் வலை இழுப்பவரையும் ஒருங்கே காட்டும் அகன்ற நிலக்காட்சியே பறவையின் வாழ்வைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது.

வலை இழுப்பவர் படத்துக்குள் வந்தவுடன் மனிதரின் அன்றாடத் தருணங்களைப் படம் எடுப்பது பற்றிய வினாவும் வந்துவிடுகிறது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1952இல் வெளியிட்ட நூலின் வழியாக, தெருவில் ஓடும் வாழ்வு ஒழுங்கான வடிவம் கொள்ளும் தீர்மானமான கணம் என்னும் கருத்து உலகெங்கும் பரவியது. எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றி அழிகின்றன என்னும் பௌத்தரின் கணபங்கக் கோட்பாட்டோடு இதை இணைத்துப் பார்ப்பது எளிது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பௌத்தர் கணத்தின் நிலையாமையைச் சொன்னது பற்றைத் தளர்த்துவதற்காக. படமோ போன கணத்தைப் பற்றிக்கொள்ள எடுக்கப்படுகிறது. அன்றியும் பறவைக்கு மறுக்க வாய் இல்லை, மனிதருக்கு உண்டு. குளத்தில் குளிப்பவரையோ, களைப்பில் வரப்பில் சாய்ந்தவரையோ அவரறியாமல் எடுப்பது, கலை என்ற பெயரால் பொறுக்கத்தக்கதன்று.

படங்கள் இல்லாவிடில் பறவைகளின்மேல் மக்களுக்கு அன்பு பிறக்காது, அன்பு இல்லாவிடில் பாதுகாப்பும் இராது என்னும் வாதம் வலிமையானது, புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும் பாதுகாப்பு படத்திலிருந்து பிறந்ததில்லை என்பதை வேடந்தாங்கல் மெய்ப்பிக்கிறது. கேமரா கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூரார், அவற்றைச் சுட வந்தோரைத் தடுக்கக் கோரி முறையிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஏற்றார். அவர்கள் பயனை நாடாத சாட்சிகள் அல்லர். பயனடைந்தும் பறவையை அதன் போக்கில் விட்டவர்கள். படம் எடுத்தவர்களிலும் ஒரு சான்று உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படம் எடுத்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் அவற்றைப் பற்றி எழுதியவர், கோட்டோவியமும் வரைந்தவர். அவருக்குப் படம் என்பது உயிரினத்தை அறியும் பல வழிகளுள் ஒன்றாக இருந்தது. படம் பயன் தரலாம், பயன் தேடி எடுக்கப்படவும் செய்யலாம். ஆனால் அப்பயனுக்குப் பறவை விலை கொடுத்தல் ஆகாது என்பதே இவ்விரு சான்றுகளும் தரும் பாடம்.

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவு இது. கேமரா ஏந்தியவர் தூய சாட்சியாக இருக்க இயலாது. அவர் உருவமும் ஓசையும் நிழலும் உடைய ஓர் உயிராகவே அந்த இடத்தில் நுழைகிறார். அதனால் அவருடைய செயலை அளக்கும் கோல் படத்தில் இல்லை, அவருக்கு முன்னே நிற்கும் பறவையின் நடத்தையில் இருக்கிறது. அது மேய்வதையும், இறகு கோதுவதையும், குஞ்சுக்கு ஊட்டுவதையும் நிறுத்தாதவரை அவர் காண்கிறார்; அது நிறுத்தி, தலை தூக்கி, அவரை நோக்கத் தொடங்கிய பின்னும் விசையை அழுத்திக்கொண்டிருந்தால் அவர் கைக்கொள்கிறார். கூட்டையோ முட்டையையோ கண்டவர் படம் எடுக்காமல் விலகிச் செல்ல வேண்டும் என்பதே சமணமும், சித்தாந்தமும், நாட்டின் சட்டமும் ஒருங்கே வந்து சேரும் விடை. ஒளிப்படம் பழகுவோர் கருவியைக் கையாளும் முறையைக் கற்பதற்கு முன்னரே இதைக் கற்க வேண்டும்.