நின்றது ஒன்று, நிறுத்தியது எது?

பெரிய கோப்பு ஒன்று டிஸ்க்கில் எழுதப்படும்போது லினக்ஸ் கணினி சில நேரம் உறைந்துவிடும். மவுஸ் அம்பு நகரும். எந்த விண்டோவும் பதில் தராது. ப்ராசஸ் பட்டியலைத் திறந்தால் சில நிரல்கள் 'டி' நிலையில் கிடக்கும்: டிஸ்க்குக்காகக் காத்திருக்கும், கில் கட்டளைக்கும் மசியாத உறக்கம். 120 விநாடி தாண்டினால், லினக்ஸின் மையமான கர்னல் அந்த நிரலின் பெயரைப் பதிவேட்டில் குறித்துவைப்பது வழக்கம். அதைப் பார்த்த மாத்திரத்தில் குற்றவாளி சிக்கிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அங்கே இருப்பது தவித்த நிரலின் பெயர். தவிக்கவைத்தது எது என்று பதிவேடு பெரும்பாலும் சொல்வதில்லை. காரியம் வெளிப்படும் இடத்தில்தான் காரணமும் இருக்க வேண்டுமா என்ற பழைய தத்துவக் கேள்வி இங்கே எழுகிறது. இருக்க வேண்டியதில்லை என்பது மட்டுமன்று, காரணத்தை வேறிடத்தில் வைத்தாலும் பொறுப்பு கரைந்துபோவதில்லை என்றே நான் கருதுகிறேன்.

2008இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 உலாவி நல்ல சான்று. பார்த்த பக்கங்களின் வரலாற்றை அது எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேமித்தது. ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் என்ற அழைப்பின் மூலம், டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்ததா என்று உறுதி கேட்டது. கேட்டது சில கிலோபைட்டுக்கு. அன்று பரவலாக இருந்த இஎக்ஸ்டி3 கோப்பமைப்போ, தன் வழக்கமான அமைப்பில், ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டை முடித்துவைக்கும் முன் அதோடு சேர்ந்த மற்ற நிரல்களின் தரவையும் எழுதித் தீர்த்தாக வேண்டும். பக்கத்தில் பெரிய கோப்பு நகலாகிக்கொண்டிருந்தால் அந்த மெகாபைட்டுகள் அனைத்துக்கும் உலாவி காத்து நிற்கும். பயனர் கண்ணில் பட்டது உலாவிதான். நகலெடுத்த நிரலோ தன் தரவை நினைவகத்தில் விட்டுவிட்டு, எழுதியாயிற்று என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டது. உலாவி செய்தது தவறா? பயனரின் தரவைக் காப்பாற்றத்தான் உறுதி கேட்டது. கோப்பமைப்பு? மின்சாரம் போனால் குப்பைத் தரவு தெரியக் கூடாது என்று வரிசையைக் காத்தது. ஒவ்வொன்றும் தன் கடமையைச் செய்தது; கூட்டுப்பலன் உறைவு.

சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுக்கும். பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். நியாய மரபினர் இன்னொரு வடிகட்டியையும் வைத்தார்கள்: பானைக்கு முன் இருந்தே தீர வேண்டியவையெல்லாம் காரணமாகிவிடா, குயவனின் தந்தையைப் போல. இந்த அளவுகோல்களைக் கொண்டு பார்த்தால் டிஸ்க்கின் வேகம் முதற்காரணம். தரவை நினைவகத்தில் வாங்கிவைக்கும் பேஜ் கேஷும் ஜர்னலும் துணை. நிமித்தம் என்பது அறிவுள்ள கர்த்தா. நிரல் எதற்கும் அது பொருந்தாது. டிஸ்க் மெதுவானது, வேறென்ன காரணம் வேண்டும் என்று முதற்காரணத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. டிஸ்க் மெதுவாக இருப்பது எழுதும் வேலை ஏன் தாமதமாகிறது என்பதை விளக்கும். அந்தப் பெரிய கோப்பை எழுதாத நிரல் ஏன் நிற்கிறது என்பதை விளக்காது.

அதை விளக்குவது ஒரு வரம்பு. எழுதச் சொன்ன தரவைக் கர்னல் முதலில் நினைவகத்தில் வாங்கிவைக்கும்; இன்னும் டிஸ்க்குக்குப் போகாத அந்தப் பக்கங்கள் 'டர்ட்டி' எனப்படும். இயல்பான அமைப்பில், பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் அவை 10 விழுக்காட்டைத் தாண்டினால் பின்னணியில் எழுதும் வேலை தொடங்கும். 20 விழுக்காட்டை நெருங்கும்போது எழுத முயலும் எந்த நிரலும் தடுத்து நிறுத்தப்படும். 16 ஜிபி நினைவகம் பெரும்பாலும் காலியாக உள்ள கணினியில் இது ஏறத்தாழ 3 ஜிபி. விநாடிக்கு 10 எம்பி எழுதும் பென் டிரைவில் அதைத் தீர்க்க ஐந்து நிமிடம் ஆகும். இந்த விழுக்காட்டுக் கணக்கு, நினைவகம் சில மெகாபைட்டுகளாக இருந்த காலத்தது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2013இல் சுட்டிக்காட்டினார். கர்னலை வடிவமைத்தவர்கள் நினைவகத்தின் அளவைப் பார்த்து 'எழுதியாயிற்று' என்ற வாக்கைக் கொடுத்தார்கள். நிறைவேற்ற வேண்டிய டிஸ்க்கின் திறனைப் பார்க்கவில்லை. எண்ணைத் தேர்ந்தது மனித அறிவு. நிமித்தத்தை நான் அங்கேதான் வைப்பேன்.

யாரும் உறைவை நினைத்துச் செய்யவில்லையே, எண்ணமில்லாத இடத்தில் கர்த்தா எப்படி என்று கேட்கலாம். உறைவை யாரும் எண்ணவில்லை, உண்மை. ஆனால் எழுதும் முன்பே 'எழுதியாயிற்று' என்று சொல்லும் ஏற்பாடு எண்ணிச் செய்யப்பட்டது. அது எவ்வளவு தூரம் போகலாம் என்பதும். இது காரணந்தான் என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. ஒன்றையடுத்து ஒன்று வருவதை மட்டுமே நாம் காண்கிறோம், காரணத்தை யாரும் கண்டதில்லை என்றார் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம். அவருக்கான விடை, மாற்றிப் பார்ப்பதில் இருக்கிறது. டிஸ்க்கையும் நிரல்களையும் அப்படியே விட்டு, வரம்பை விழுக்காட்டிலிருந்து சில நூறு மெகாபைட்டுகளுக்குக் குறைத்தால் தேக்கம் குறுகுவதை மெம்இன்ஃபோ கோப்பின் 'டர்ட்டி', 'ரைட்பேக்' வரிகளிலேயே பார்க்கலாம். 2017இல் வந்த கர்னல் 4.10, பின்னணி எழுத்து டிஸ்க்கின் வரிசையை அடைத்துக்கொள்ளாதபடி அளவோடு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அதுவும் வன்பொருளைத் தொடாத திருத்தம். அப்படியானால் முன்கூட்டிச் சொல்லும் அந்த வாக்கையே ஒழித்துவிடலாமே என்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு நிரலும் டிஸ்க்குக்காக நிற்க நேரும். திறனுக்கு உட்பட்ட வாக்கில் குறையில்லை.

செய்த நிரலின் கணக்கிலேயே வினையை ஏற்றும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2015இல் வந்த கர்னல் 4.2 முதல், பின்னணி எழுத்தை நிரல் குழுவாரியாகக் கணக்கிட வழியுண்டு. ஆனால் அங்கே ஒரு கோப்பு ஒரு நேரத்தில் ஒரு குழுவின் பெயரில் மட்டுமே இருக்கும். பல குழுக்கள் அதில் எழுதினால், சில காலம் பார்த்துப் பெரும்பங்கு எழுதுகிற குழுவுக்கு உரிமை மாறும். கொஞ்சமாக எழுதிய குழுவின் வினையும் பிறர் கணக்கில்தான் ஏறும்.