நாணயம்

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற குணமும் நாணயந்தான். கடன் கொடுக்கிறவர் ஆளின் குணத்தைப் பார்க்க வேண்டுமா, சொத்தைப் பார்க்க வேண்டுமா என்று தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களைப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

அந்தக் காலத்து லேவாதேவிக்காரருக்கு ஆளைத் தெரியும். அதற்கு அவர் வாங்கிய வட்டி கொஞ்சநஞ்சமல்ல. கும்பகோணத்தில் 1904-லேயே ஒரு பாங்கு தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் 1951-52-ல் ரிசர்வ் பாங்கு நாடு முழுவதும் விசாரித்தபோது, விவசாயிகளின் கடனில் சுமார் 70 சதவிகிதம் வட்டிக்காரர்களிடம் வாங்கியது என்று தெரிந்தது. வர்த்தக பாங்குகள் கொடுத்தது 1 சதவிகிதங்கூட இல்லை.

1969 ஜூலை 19-ல் 14 பாங்குகள் தேசவுடைமையாயின. கடனில் 18 சதவிகிதம் விவசாயத்துக்கு என்று பிற்பாடு விதி வந்தது. 1991-க்குப் பிறகு வந்த சீர்திருத்தத்தில் வாராக்கடன் கணக்கு கண்டிப்பாயிற்று. மானேஜர் காகிதம் கேட்கிறார். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அவர் கொடுப்பது பென்ஷன்காரரும் விதவையும் நம்பிப் போட்ட பணம். அதைக் காப்பதும் நாணயந்தானே?

ஆனால் காகிதம் யாரிடம் இருக்கிறது? பட்டா நிலச் சொந்தக்காரர் பெயரில். சேற்றில் இறங்குகிறவர்களில் எத்தனையோ பேர் குத்தகைக்காரர்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்யவும் அதே 1969-ல் இங்கே சட்டம் வந்தது. இருந்தும், எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் போகவில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் குறுவைக்குப் பணம் வேண்டும். குத்தகைக்காரர் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. குறைந்த வட்டிப் பயிர்க்கடனோ, வயலையே எட்டிப் பாராதவர் பட்டாவைக் காட்டினாலும் கிடைத்துவிடுகிறது.

குத்தகைக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் கடன் தரும் கூட்டுப் பொறுப்புக் குழுத் திட்டம் ஒன்று இருக்கிறது. நல்ல யோசனை. ஆளைத் தெரிந்தவர்களே ஜாமீன் நிற்கிறார்கள். அதிக வட்டி இல்லை. ஆனால் அந்தக் குழுவிலும், இன்ன நிலத்தை இவர்தான் சாகுபடி செய்கிறார் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்குக் காவிரிக் கரையில் நாலைந்து மா நிலம் இருக்கலாம். வருஷா வருஷம் குத்தகை நெல்லோ பணமோ தவறாமல் வந்து சேரலாம். மழை பொய்த்த வருஷத்திலும் சொன்னபடி அளந்தவருடைய நாணயம் உங்களுக்குத் தெரியும், பாங்குக்குத் தெரியாது. ஒரு கையெழுத்தில் தெரியப்படுத்தலாம். அந்தக் கையெழுத்தைப் போடத் தயங்குகிறவர், பாங்குகள் ஏழையை நம்புவதில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?