இறுதித் தீர்ப்பும் இன்றைய கடமையும்

மனிதனுக்கு ஒரே ஒரு வாழ்க்கை. அதன் முடிவில் ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. கிறிஸ்தவ சமயம் வழிவழியாகப் போதித்து வரும் நம்பிக்கை இது. உயிர் பல பிறவிகளில் பக்குவப்பட்டு முக்தியடைகிறது என்று கருதும் இந்து மனத்துக்கு இது கடுமையாகத் தோன்றலாம். நரகத்துக்கு அஞ்சிச் செய்யும் நற்செயல் உண்மையில் நற்செயல்தானா என்ற ஐயமும் எழலாம்.

இதற்கான விடை இயேசுநாதரின் உபதேசத்திலேயே இருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் இறுதித் தீர்ப்பைச் சித்திரிக்கிறது. மேய்ப்பன் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல, அரசர் மக்களை இரு பக்கமாகப் பிரிக்கிறார். பசித்தவனுக்கு உணவு, தாகித்தவனுக்கு நீர், அந்நியனுக்கு இடம், ஆடையற்றவனுக்கு உடை, நோயாளிக்குப் பணிவிடை, சிறைப்பட்டவனுக்கு ஆறுதல்: அங்கே கேட்கப்படுபவை இந்த ஆறுதான். எளியவனுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அரசர் ஏற்கிறார். இவற்றுக்குப் பெருஞ்செல்வமோ பெருங்கல்வியோ தேவையில்லை.

இக்காட்சியில் இரண்டு செய்திகள் சிந்திக்கத்தக்கவை. தண்டனை பெறுவோர் கொலை செய்ததாகவோ திருடியதாகவோ அங்கே சொல்லப்படவில்லை. கண்முன் இருந்த துன்பத்தைக் கடந்து சென்றதே அவர்களுடைய குற்றம். அடுத்து, நல்லோரும் தீர்ப்பைக் கேட்டு வியக்கின்றனர். அரசருக்குத் தொண்டு செய்ததாக அவர்கள் அறியவே இல்லை. பசியைக் கண்டார்கள், உணவளித்தார்கள். சொர்க்கத்தைக் கணக்கிட்டுச் செய்திருந்தால் அவர்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் அச்சத்துக்கு இடமே இல்லையா? இளஞ்செடிக்கு வேலி வேண்டும், மரமான பின் வேண்டாம் என்று சாதனையின் தொடக்க நிலையைப் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் கூறுவார். அந்த உவமை இங்கும் பொருந்தும். அச்சம் மனிதனைத் தீமையிலிருந்து தடுக்கும். ஆனால் அன்பே அவனை நன்மையில் வளர்க்கும். முழுமையான அன்பில் அச்சத்துக்கு இடமில்லை என்பது யோவானின் முதல் நிருபத்தின் கருத்தும் ஆகும்.

இந்நம்பிக்கையை அன்றாட ஒழுக்கமாக மாற்றிய மகான்கள் பலர். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட், மரணத்தை நாள்தோறும் கண்முன் நிறுத்துமாறு தம் துறவியருக்கு விதித்தார். 16-ஆம் நூற்றாண்டில் புனித இக்னேஷியஸ் லயோலா, தினமும் இருமுறை மனத்தைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சியை வகுத்தார். 1952-இல் கொல்கத்தாவில் காளிகாட் கோயிலை ஒட்டிய பயணியர் விடுதியில், தெருவில் கிடந்து மரணத்தை எதிர்நோக்கியவர்களுக்காக அன்னை தெரசா ஓர் இல்லம் தொடங்கினார். மத்தேயு காட்டும் அந்தக் காட்சியே அவரது பணிக்கு அடித்தளம். அங்கு வந்தவர்களுள் பலர் பிழைக்கப் போவதில்லை. ஆயினும் ஒருவரின் கடைசி ஒரு மணி நேரமும் இறைவன் முன் மதிப்புடையது என்ற உறுதியே அப்பணியைத் தாங்கியது.

இதே நம்பிக்கை திரிந்து போனதும் உண்டு. தீர்ப்பளிக்கும் உரிமையை இறைவனிடமிருந்து மனிதன் பறித்துக்கொண்டபோது கொடுமைகள் நிகழ்ந்தன. கோவாவில் 1560-இல் நிறுவப்பட்டு 1812-இல் ஒழிக்கப்பட்ட சமய விசாரணை மன்றம் அதற்குச் சான்று. பிறரைத் தீர்ப்பிடாதிருக்குமாறு மலைப்பிரசங்கத்தில் இயேசுநாதர் எச்சரித்ததை அது மறந்தது. தீர்ப்பு இறைவனுடையது என்று உண்மையாக நம்புபவன் பழிவாங்கும் எண்ணத்தையும் அவரிடமே விட்டுவிடுவான்.

மறுபிறவி உண்டென்று நம்புபவருக்கும் இதில் பாடம் உண்டு. பிறவிகள் பல இருக்கலாம். இன்று வாசலில் நிற்கும் பசித்தவன் நாளை அங்கே இருப்பான் என்பதற்கு உறுதியில்லை. உறங்கச் செல்லுமுன், இன்று யாரைக் காணாததுபோல் கடந்து வந்தோம் என்று ஒவ்வொரு சாதகனும் தன்னைக் கேட்டுக்கொள்வது நன்று. விடை கிடைத்தால், மறுநாள் காலையின் முதற்கடமை எதுவென்பதும் தெரிந்துவிடும்.