வீட்டில் இருப்பவரின் வெயில்

வேலை மாறியோ பணி ஓய்வு பெற்றோ வேறு ஊருக்குக் குடிபோகும் குடும்பம் சம்பளத்தைக் கணக்கிடும், வாடகையை விசாரிக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி தேடும். தட்பவெப்பம் பேச்சில் வரும், கணக்கில் வராது. 'கோயம்புத்தூர் கிளைமேட் அருமை', 'மெட்ராஸ் வெயில் தாங்காது', 'பெங்களூரில் ஃபேன்கூட வேண்டாம்' என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஊரின் காற்றையும் நிலத்தையும் சம்பளத்துக்கு நிகராக வைத்து எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. அதுவும் முடிவெடுப்பவரின் உடம்பை வைத்து அல்ல, பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகிறவரின் உடம்பை வைத்து.

எந்த ஊருக்குப் போவது என்று பெரும்பாலும் முடிவு செய்பவர் சம்பாதிப்பவர். அவர் காலையில் கிளம்பி, குளிரூட்டிய அலுவலகத்தில் பகலைக் கழித்து, வெயில் தாழ்ந்தபின் திரும்புகிறார். ஊரின் வெயில் அவர்மேல் படுவது போகிற வழியிலும் வருகிற வழியிலும்தான். எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கும், நடை பழகும் குழந்தைக்கும், நண்பகலில் அடுப்படியில் நிற்பவருக்கும் அப்படியல்ல. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது, வியர்க்கும் திறனும் குறைகிறது. ஒரே வீட்டுக்குள் ஒரே வெப்பநிலை மகனுக்கு ஒன்றாகவும் தாய்க்கு வேறாகவும் இருக்கிறது. இடம் மாறுவதன் ஆதாயம் ஒருவருக்கும் அதன் வெயில் இன்னொருவருக்கும் போய்ச் சேர்வதை வீட்டார் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

செய்தியில் வரும் வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்வது வியர்வை உலர்வதால். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. அதனால்தான் எண்ணில் மதுரையைவிடக் குறைந்திருக்கும் நாளிலும் சென்னை கூடுதலாக வாட்டுகிறது, மே மாத இரவுகளில் தூக்கத்தையும் கெடுக்கிறது. அந்தச் சென்னைக்குள்ளும் ஒரே வானிலை கிடையாது. பகலில் எழும் கடற்காற்று கரையோரத்துக்கு முதலில் வந்து, தாம்பரம் பக்கம் பிந்தித்தான் போய்ச் சேர்கிறது. மேல்காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று எழுவதே தாமதமாகிறது. அந்த ஓரிரு மணி நேரத்தில் பகலின் உக்கிரம் கூடிவிடும். கோயம்புத்தூருக்குக் கிடைத்த நற்பெயர் மேற்குத் தொடர்ச்சி மலை கொடுத்தது. பாலக்காட்டுக் கணவாய் என்ற ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகல இடைவெளி வழியாக, தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் தொடங்கி அந்த ஊருக்குள் வீசுகிறது. காற்று வந்தாலும் மழை அந்த அளவுக்கு வருவதில்லை, ஏனென்றால் ஊர் மலையின் மறைவில் இருக்கிறது. ஆண்டு மழையில் சென்னை பெறுவதில் பாதி அளவே கோயம்புத்தூருக்கு.

காற்றைவிட நிலத்தைப் பார்ப்பதில்தான் நாம் பெரிதும் தவறுகிறோம். ஓர் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பெய்த மழை எங்கே போகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் அந்த ஊரைப் பாதி தெரிந்துகொண்டதாகும். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்ச்சியாக இருக்கிறது. அதே உயரம்தான் அதன் தண்ணீர்க் கஷ்டத்துக்கும் ஒரு காரணம். அர்க்காவதிக்கும் தென்பெண்ணைக்கும் நடுவே உள்ள மேட்டில் அமர்ந்த நகரம் அது. பெய்வது இரு பக்கமும் இறங்கிப் போய்விடும், பெரிய ஆறு எதுவும் ஊருக்குள் ஓடவில்லை. முன்னோர் அந்த நீரை ஏரிகளில் நிறுத்திவைத்தார்கள். இன்று காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு இறைத்துக் கொண்டுவருகிறார்கள். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது, கிளைமேட்டுக்காக அங்கே வீடு வாங்கியவர்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். அந்த ஊரின் காற்றும் எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை. அங்கே மண்டிக்கிடக்கும் பார்த்தீனியச் செடியின் மகரந்தம் ஒவ்வாமை உள்ளவர்களைப் பாடாய்ப்படுத்துகிறது.

சென்னை இதன் மறுபக்கம். 2015 டிசம்பர் முதல் நாளையொட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் மக்களைப் படகில் மீட்டார்கள். நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஊரில் அடுத்தடுத்து வந்ததில் புதிர் எதுவும் இல்லை. மழைநீர் தங்கியிருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பழைய பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தங்க இடமில்லாத நீர் வீடுகளுக்குள் புகுந்துவிட்டுக் கடலுக்குப் போகிறது, கோடையில் நமக்கு மிஞ்சுவதில்லை. ஒரே வாடகைக்குக் கிடைக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று மேட்டிலும் மற்றது பழைய ஏரிப் படுகையிலும் இருக்கலாம். விளம்பரத்தில் அந்த வேறுபாட்டைப் போட மாட்டார்கள்.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது, சோறு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் போக முடியும் என்பது. உண்மைதான்; ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலோருக்கு இல்லை. ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாதவருக்கும் பேட்டையை, தெருவை, மாடியைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் இடம் இருக்கிறது. மேற்கு வெயில் நேராக அடிக்கும் மொட்டைமாடிக்கு அடுத்த தளமா, அதற்குக் கீழா என்பதே ஒரு முதியவரின் கோடையைத் தீர்மானித்துவிடும். கையில் காசு குறைந்தவருக்குத்தான் இந்தக் கணக்கு கூடுதலாக வேண்டும். வெள்ளத்தில் போன வண்டியையும் கட்டிலையும் மறுபடி வாங்க அவரிடம் பணம் இருக்காது.

'பழகிவிடும்' என்பார்கள். உளவியலாளர்கள் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இவர்களுக்குத் துணை நிற்கிறது. கலிபோர்னியாவின் இதமான வானிலையில் வாழும் மாணவர்கள் கூடுதல் மனநிறைவோடு இருப்பார்கள் என்று எல்லாரும் எண்ணினார்கள். கேட்டுப் பார்த்தால் குளிர் மிகுந்த மத்திய மேற்குப் பகுதி மாணவர்களும் அதே நிறைவோடுதான் இருந்தார்கள். நல்ல வானிலை நம்மை மகிழ்ச்சியாக்கிவிடும் என்ற கனவை இந்த ஆய்வு கலைக்கிறது, நானும் ஏற்கிறேன். ஆனால் அவர்கள் கேட்டது இளைஞர்களின் மனநிறைவைப் பற்றி. நான் கேட்பது பாட்டியின் தூக்கம், குழந்தையின் மூச்சிரைப்பு, மாதாந்திரத் தண்ணீர்ச் செலவு பற்றி. மனம் பழகிக்கொள்ளும் வேகத்தில் நுரையீரல் பழகாது, வற்றிய போர் ஒருநாளும் பழகாது. ஏசி வாங்கினால் ஓர் அறை குளிரும். சமையலறையும் தெருவும் மின்சாரம் நின்ற இரவும் அப்படியேதான் இருக்கும்.

பருவம்தான் இப்போது நிலையாக இல்லையே, பழைய கணக்கு எதற்கு என்றும் கேட்கலாம். பருவம் மாறுவது புதிதல்ல; வேனில் கடுத்தால் காடும் மலையும்கூடப் பாலையாகும் என்று இளங்கோவடிகளே அறிந்திருந்தார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்தப் பக்கம் ஓராண்டிலும் அவ்வளவு பெய்வதில்லை. ஆகவே சராசரி மழையையும் சராசரி வெப்பத்தையும் நம்பி வீடு பார்ப்பது இனி உதவாது. நிலத்தின் சரிவோ அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் போகும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த ஊரை அதன் மோசமான மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்: சென்னையென்றால் மே மாத நண்பகலிலும் நவம்பர் மழையிலும், பெங்களூரென்றால் ஏப்ரலில். 2015இல் தண்ணீர் எதுவரை ஏறியது, கோடையில் போர் எத்தனை அடிக்குப் போகிறது என்று புரோக்கரிடம் கேட்காமல் எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், அந்த வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று நேரம் உட்காரச் சொல்லி, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டபின் முடிவெடுங்கள்.